சூரிய சக்தியும் நம் வரவு செலவும்

வியாபாரிகளாகிய நமக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். அன்றாட வரும்படியைக் கொண்டு குடும்பம் நடத்துகிறவர் நிலைத்து நிற்பார்; கைமுதலை எடுத்துச் செலவு செய்கிறவர் ஒருநாள் கடையை மூடுவார். இதே கணக்கை உலகம் செலவிடும் சக்திக்கும் போட்டுப் பார்ப்போம்.

சூரியனின் சக்தி

சூரியன் நம்மிடமிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதன் ஒளி இங்கு வந்து சேர ஏறக்குறைய 8 நிமிடம் 20 விநாடி ஆகிறது. சூரியனின் நடுவே ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஹீலியமாக மாறுகின்றன. அப்பொழுது விநாடிதோறும் சுமார் 40 லட்சம் டன் பொருள் சக்தியாக மாறி வெளியேறுகிறது. அதில் மிகச் சிறிய பங்கே பூமிக்குக் கிடைக்கிறது. ஆயினும் ஒன்றரை மணி நேரத்தில் இங்கு வந்து விழும் சக்தி, மனித குலம் ஓராண்டு முழுவதும் செலவிடும் சக்திக்குக் குறைந்ததல்ல.

நம் சரக்கும் நம் பயணமும்

பச்சை இலையானது வெயிலின் துணையால் கரியமிலவாயுவையும் நீரையும் சேர்த்துச் சர்க்கரையும் மாவும் செய்கிறது. பிராணவாயுவை வெளியே விடுகிறது. நம் கடையிலுள்ள அரிசி, பருப்பு, மிளகு, எண்ணெய் அனைத்தும் இவ்வாறு பிடித்து வைக்கப்பட்ட வெயிலே. ஆடு தின்னும் புல்லும் அப்படியே. கருவாடு உலர்வதும் உப்பளத்தில் உப்பு விளைவதும் வெயிலால்தான்.

நம் முன்னோரை இக்கரைக்குக் கொண்டு வந்த காற்றும் சூரியனின் வேலையே. நிலமும் கடலும் ஒரே அளவில் சூடேறுவதில்லை. அந்த வித்தியாசத்தால் பருவக்காற்று பிறக்கிறது. நாகூர், நாகப்பட்டினம், காயல்பட்டினம், கீழக்கரை முதலிய துறைகளில் பாய்க்கப்பல் ஏறியவர்கள் தென்மேற்குக் காற்றில் கிழக்கே வந்து, வாடைக்காற்றில் ஊர் திரும்பினார்கள். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே எழுந்த நாகூர் தர்கா அந்நாளையக் கடல் பயணங்களை நமக்கு நினைவூட்டுகிறது.

முதல் எது, வரும்படி எது?

நிலக்கரியும் பெட்ரோலியமும்கூடப் பழைய வெயிலே. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வளர்ந்த மரஞ்செடிகளும் கடலின் நுண்ணுயிர்களும் புதையுண்டு அவ்வாறு மாறின. சிலாங்கூரின் பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை வெட்டிய நிலக்கரியும், சரவாக்கின் மிரியில் 1910இல் கிணறு தோண்டி எடுத்த எண்ணெயும் அந்தச் சேமிப்பைச் சேர்ந்தவை. எடுக்க எடுக்க அது குறையும். நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் திரும்ப நிரம்பாது.

எரிப்பதால் கடனும் ஏறுகிறது. 1958இல் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்காக இருந்த கரியமிலவாயு, 2024இல் 420 பங்கைத் தாண்டிவிட்டது. அது வெப்பத்தைத் தடுத்து வைப்பதால் பூமி சூடேறி வருகிறது.

அன்றன்று விழும் வெயிலோ வரும்படி. நாம் எடுக்காவிட்டாலும் அது வந்து போய்விடும்.

கூரையில் விளையும் மின்சாரம்

1954இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தார் சிலிக்கனால் ஆன சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டினர். ஒளி பட்டவுடன் சிலிக்கனில் எலெக்ட்ரான்கள் நகர்கின்றன. அந்த ஓட்டமே மின்சாரம். அன்று விழுந்த ஒளியில் நூற்றுக்கு 6 பங்குதான் மின்சாரமாயிற்று. இன்று விற்பனையாகும் தகடுகளில் பல 20 பங்குக்கு மேல் தருகின்றன. சிங்கப்பூரின் தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021 முதல் 1,22,000 தகடுகள் மிதந்தபடி மின்சாரம் தருகின்றன.

நம் வட்டாரத்தில் ஒரு கிலோவாட் அளவுள்ள தகடுகளுக்குக் கூரையில் சுமார் 5 சதுர மீட்டர் இடம் வேண்டும். அவை நாளொன்றுக்குச் சராசரியாக 3 யூனிட்டுக்கு மேல் கொடுக்கும். சிங்கப்பூரில் லுஹர் நேரம் தொடங்கும் பகல் 1 மணியளவில், வானம் தெளிவாக இருந்தால், விளைச்சல் உச்சத்தில் இருக்கும். கடையின் குளிர்பெட்டியும் விசிறியும் ஓடும் நேரமும் அதுவே. இரவு விளக்குக்கு வெளி மின்சாரமோ மின்சேமிப்புக் கலமோ வேண்டும்.

பணம் போடுமுன் நான்கு காரியங்களை விசாரிப்போம். முதலாவது, கூரை நம்முடையதா, பாரம் தாங்குமா? இரண்டாவது, பக்கத்துக் கட்டடத்தின் நிழல் விழுமா? சிறு நிழலும் விளைச்சலைக் குறைத்துவிடும். மூன்றாவது, மிஞ்சும் மின்சாரத்தை யார், என்ன விலைக்கு வாங்குவார்? நான்காவது, உத்தரவாதம் எத்தனை ஆண்டு? தகடு சுமார் 25 ஆண்டு உழைத்தாலும், மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறையாவது மாற்ற நேரிடும்.

போட்ட மொத்தப் பணத்தை ஆண்டுதோறும் மிச்சமாகும் தொகையால் வகுத்தால், எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்பது தெரியும். சரக்கு வாங்குமுன் நாம் பார்க்கும் கணக்குத்தான் இது. இம்மாத மின்சாரச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நம் பிள்ளைகளையும் அருகில் உட்கார வைத்து, அக்கணக்கைப் போட்டுப் பார்ப்போமாக.