பொழுது சாய்வதற்குள் திம்பம்

கிராண்ட் கேன்யன் படத்தைக் காட்டி, "நம்ம பக்கம் இப்படி ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அத்தனை பெரிதாக இல்லை. ஆனால் முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே மாயாறு அறுத்துவைத்த பள்ளம் இருக்கிறது. வெள்ளைக்காரன் அதை 'மைசூர் அகழி' என்றான். தென்மேற்குப் பருவமழையை நீலகிரி மறித்துக்கொள்வதால் அந்தப் பக்கமெல்லாம் காய்ந்த முள்காடு. பல்லடத்திலிருந்து காரில் மூன்று பகல், இரண்டு இரவில் சுற்றி வந்துவிடலாம்.

செய்ய வேண்டியவை

முதலில் எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று முடிவு செய்யுங்கள். பலரும் மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்கு ஏறி அங்கிருந்து மசினகுடிக்கு இறங்கப் பார்ப்பார்கள். ஆனால் அந்த இறக்கமான, 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிப் பாதையில் வெளிமாவட்ட வண்டிகள் இறங்கத் தடை, ஏறலாம். அதனால் அவிநாசி, புளியம்பட்டி, சத்தியமங்கலம், திம்பம், ஆசனூர், சாம்ராஜ்நகர், குண்டல்பேட்டை, பந்திப்பூர், தெப்பக்காடு, மசினகுடி என்று போய், கல்லட்டி ஏறி ஊட்டி, கோத்தகிரி வழியாக ஊர் திரும்புங்கள்.

தங்கும் விடுதியைத் தேடுவதற்கு முன் சோதனைச் சாவடி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திம்பம் சாலையில் பண்ணாரி முதல் காரப்பள்ளம் வரை 2022 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்து இல்லை. பந்திப்பூரில் 2009 முதலே அதே நேரம்தான். ஒருமுறை கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிய நாங்கள் பண்ணாரிக்குப் போனபோது மணி 9.10. ராத்திரி முழுக்கக் காருக்குள் கொசுவோடு கிடந்தோம். தப்பு எங்களுடையதுதான். விடிகாலை 4 மணிக்குப் புறப்பட்டால் கேட் திறந்ததும் ஏறிவிடலாம்.

நீலகிரிக்கு இ-பாஸ் 2024 மே மாதத்திலிருந்து கட்டாயம். மசினகுடி பக்கமாக நுழைந்தாலும் வேண்டும்.

சஃபாரி நடக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். புலி தாக்கி விவசாயிகள் இறந்ததையடுத்து 2025 நவம்பரில் பந்திப்பூர், நாகரஹொளே இரண்டிலும் நிறுத்திவிட்டார்கள்.

தண்ணீருக்கு எவர்சில்வர் கூஜா, பசிக்குக் கட்டுச்சோறு. புளிசாதம் சாயங்காலம் வரை தாங்கும். பிளாஸ்டிக் பாட்டில் நீலகிரிக்குள் போகாது.

அண்ணாந்து பாருங்கள். புலி, புலி என்று புதரையே பார்த்தால் பாறு கழுகு தப்பிவிடும். தென்னிந்தியாவில் அவை இன்னும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இடங்களில் மாயாற்றுப் பள்ளத்தாக்கு முக்கியமானது. மாட்டின் வலிக்குப் போட்ட டைக்ளோபெனாக் ஊசி, செத்த மாட்டின் கறி வழியாகப் பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மாடு வைத்திருக்கிற நம் ஊர்க்காரர்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய கதை.

செய்யக்கூடாதவை

மாசி, பங்குனியில் போகாதீர்கள். அது காட்டுத்தீக் காலம். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பல ஆயிரம் ஏக்கர் கருகியது. மழை ஓய்ந்து காடு பச்சை கட்டியிருக்கும் மார்கழி, தை தேவலாம். விடியலில் குளிர் நடுக்கும்.

காட்டுச் சாலையில் வண்டியை விட்டு இறங்காதீர்கள். 2025 ஆகஸ்டில் பந்திப்பூர் சாலையில் யானையோடு செல்ஃபி எடுக்கப் போனவர் மிதிபட்டுப் பிழைத்தார். வனத்துறை அபராதமாக 25,000 ரூபாயும் வசூலித்தது. எதிரே யானை நின்றால் ஹாரன் வேண்டாம், லைட்டை அடித்துக் காட்ட வேண்டாம். தள்ளி நிறுத்திக் காத்திருங்கள். அது போன பிறகு நீங்கள் போகலாம்.

எதற்கும் தீனி போடாதீர்கள். ஆசனூர், காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிக்காக யானைகள் சாலையோரம் காத்து நிற்கின்றன. லாரியிலிருந்து கட்டுகளைத் தள்ளிவிட்டுப் பழக்கியது நாம்தான். குரங்குக்கு முறுக்கு போடுகிறவர்களும் இதே கணக்கில்தான் வருவார்கள்.

கூகுள் மேப்பை மட்டும் நம்பாதீர்கள். 2024 ஜனவரியில் கூடலூரில் அதைப் பார்த்து ஓட்டியவர்களின் கார் படிக்கட்டில் போய்ச் சிக்கியது. பள்ளத்தாக்குக்குள்ளே தெங்குமரகடா என்ற ஊரை மேப் காட்டும். வனத்துறை அனுமதியின்றி அந்தப் பக்கம் காரைத் திருப்பாதீர்கள்.

கோத்தகிரி இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். ஏறிய கியரிலேயே இறக்குங்கள்.

இறங்குவதற்கு முன் கோடநாடு காட்சிமுனையை விட்டுவிடாதீர்கள். கோத்தகிரியிலிருந்து சுமார் 18 கி.மீ. பனிமூட்டம் இல்லாத காலையில் நின்றால், மூன்று நாளாகச் சுற்றி வந்த பள்ளத்தாக்கு கீழே கிடக்கும். நடுவே நூலாக மாயாறு, அதன் கரையில் தீப்பெட்டி தீப்பெட்டியாகத் தெங்குமரகடா வீடுகள்.