நாம் கூடுவது எதற்காக?

“பங்குக் கூட்டத்துக்குப் போய் என்ன கண்டோம்?” என்று சலித்துக்கொள்வோர் நம்மிடையே பலர். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கூட்டம் என்று அறிவித்தால், இறுதிப் பாடல் முடியுமுன்னரே வாங்குகள் வெறுமையாகின்றன. எஞ்சியிருப்போர் சென்ற ஆண்டும் அதற்கு முந்திய ஆண்டும் இருந்த அதே பத்துப் பன்னிரண்டு பேர். இதை மக்களின் அசட்டை என்று தட்டிக்கழித்தல் எளிது. ஆனால் நின்றுவிட்டவர்களுள் பலர் முன்னர் வந்தவர்களே. வந்திருந்து, ஒரு சொல் பேச வாய்ப்பின்றித் திரும்பிப் போனவர்கள். ஆகவே நமது கூட்டங்களையே ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. அதற்கான உரைகல் வேதாகமத்தில் இருக்கிறது.

முணுமுணுப்பிலிருந்து பிறந்த கூட்டம்

அப்போஸ்தலர் பணி நூலின் 6ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். யெருசலேம் சபையில் நாள்தோறும் நடந்த பகிர்வில், கிரேக்க மொழி பேசியவர்களின் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்ற முணுமுணுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் அதை அடக்கவில்லை. முணுமுணுத்தவர் யார் என்று தேடவுமில்லை. சீடர் அனைவரையும் கூட்டி, நற்பெயர் பெற்ற எழுவரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை அவர்களிடமே விட்டார்கள். அந்த எழுவரின் பெயர்களைக் கவனியுங்கள். முடியப்பர் முதல் நிக்கொலா வரை அத்தனையும் கிரேக்கப் பெயர்கள்! எந்தப் பகுதியாருக்குக் குறை இருந்ததோ, அந்தப் பகுதியாரை நம்பிப் பந்தியின் பொறுப்பைச் சபை ஒப்படைத்தது போலும். சபை நடுவே எழுந்து பேச வழியில்லாத விதவைகளின் பசி, ஒரு புதிய திருப்பணிக்கு வித்தாயிற்று.

அதே நூலின் 15ஆம் அதிகாரம் இன்னொரு கூட்டத்தைக் காட்டுகிறது. ஏறக்குறைய கி.பி. 49இல் நடந்தது அது. புறவினத்திலிருந்து வந்தோர் விருத்தசேதனம் பெறவேண்டுமா என்பது கேள்வி. நீண்ட வாதம் நடந்தது. இராயப்பர் எழுந்து தம் அநுபவத்தைச் சொன்னார். பர்னபாவும் சின்னப்பரும் பேசுகையில் சபை மௌனமாய்ச் செவிமடுத்தது. யாகப்பர் கேட்டவற்றையெல்லாம் தொகுத்து ஒரு முடிவை முன்வைத்தார். முடிவு கடிதமாக எழுதப்பட்டு, அதை விளக்கிச் சொல்ல யூதா, சீலா என்னும் இருவர் அந்தியோக்கியாவுக்கு அனுப்பப்பட்டனர். தெளிவான கேள்வி, அநுபவம் உள்ளவரின் பேச்சு, மௌனமான செவிமடுப்பு, எழுத்தில் முடிவு, அதை எடுத்துச் செல்ல ஆள். நல்ல கூட்டத்துக்கு வேண்டிய யாவும் இங்கே உண்டு.

கொரிந்து நகர்ச் சபையாரும் கூடினார்கள். ஆனால் அவர்கள் கூடுவதால் நன்மையைவிடத் தீமையே மிகுதி என்று சின்னப்பர் கண்டித்தார். காரணம், வசதியுள்ளோர் முந்திக்கொண்டு உண்டனர்; இல்லாதோர் பசித்திருந்தனர். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதே அவர் சொன்ன பரிகாரம். பந்திக்குச் சொன்ன அந்தப் புத்திமதி பேச்சுக்கும் பொருந்தும். பேச்சிலும் முந்திக்கொள்வோர் உண்டு. பசியோடு திரும்புவோரும் உண்டு.

கூட்டத்துக்கு முன்

தலைவரும் காரியதரிசியும் முதலில் ஒரு வினாவுக்கு விடை காணட்டும்: இக்கூட்டம் முடியும்போது எது மாறியிருக்க வேண்டும்? விடை இல்லையேல் கூட்டம் வேண்டாம், அறிவித்தல் போதும். “திருவிழா பற்றி” என்று நிகழ்ச்சி நிரலில் எழுதினால் சோடினையும் ஒலிபெருக்கியும் பேசி நேரம் போய்விடும். “திருவிழாச் செலவில் ஒரு பகுதியை வறிய பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கலாமா?” என்று எழுதினால் மக்கள் யோசித்துக்கொண்டு வருவார்கள். நேரமும் கவனிக்கத்தக்கது. கடலுக்குப் போவோரும் கைக்குழந்தை உள்ள தாய்மாரும் வரமுடியாத வேளையில் கூட்டத்தை வைத்துவிட்டு, அவர்களுக்கு அக்கறையில்லை என்று சொல்வது நீதியாகாது.

கூட்டத்தில்

ஆரம்ப செபம் ஒரு சடங்காகிவிடலாகாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தபோது, நாளாந்த அமர்வுகள் திருப்பலியோடு தொடங்கின; நற்செய்தி நூல் நடுவே அரியணையில் வைக்கப்பட்டது. தலைவர் யார் என்பதை அந்த நூல் எல்லோருக்கும் நினைவூட்டியது.

2023, 2024ஆம் ஆண்டுகளில் உரோமையில் கூடிய ஆயர் மன்றம் இன்னும் ஒரு பாடம் தந்தது. கர்தினால்மாரும் ஆயர்களும் துறவியரும் பொதுநிலையினரும் வட்ட மேசைகளைச் சுற்றி அமர்ந்தனர். முதற் சுற்றில் ஒவ்வொருவரும் தம் முறைக்குப் பேசினர், எவரும் குறுக்கிடவில்லை. இரண்டாம் சுற்றில், பிறர் சொன்னவற்றுள் தம் உள்ளத்தைத் தொட்டது எது என்று சொன்னார்கள். மூன்றாம் சுற்றில்தான் பொதுவான கருத்தைத் தேடினார்கள். சுற்றுகளுக்கிடையே மௌன செபம். இதை நம் வட்டாரக் கூட்டத்தில் செய்ய மேசையும் வேண்டாம், பணமும் வேண்டாம். கதிரைகளை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம் கொடுங்கள். குருவானவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலிலேயே தம் கருத்தைச் சொல்லிவிட்டால், “சுவாமி சொன்னது சரி” என்பதோடு மற்றவர்களின் பேச்சு முடிந்துவிடும்.

கூட்டத்துக்குப் பின்

1921இல் டப்ளின் நகரில் தோன்றிய மரியாயின் சேனையை நம் பங்குகள் நன்கறியும். அங்கே ஒவ்வோர் அங்கத்தவருக்கும் ஒரு வேலை கொடுக்கப்படுகிறது. அடுத்த கூட்டத்தில் அவர் வாய்திறந்து அறிக்கை சொல்கிறார். கூட்டம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டலாகாது என்ற ஒழுங்கும் உண்டு. நற்செய்திப் பகிர்வின் ஏழு படிகளில் ஆறாவது படியும் இதையே கேட்கிறது: நாம் செய்யவேண்டியது என்ன, யார் செய்வது, எப்போது? இப்படியைப் பலர் தாண்டிவிடுகின்றனர். அதனால்தான் பகிர்வு இனிமையாய் முடிந்தும், அடுத்த ஒழுங்கையில் படுத்திருக்கும் நோயாளியை எவரும் எட்டிப்பார்ப்பதில்லை.

வீட்டிலும்

குடும்பத்தைச் சங்கத் தந்தையர் இல்லத் திருச்சபை என்றனர். மாலையில் செபமாலை முடிந்ததும் எழுந்து ஓடாமல் பத்து நிமிடம் அப்படியே இருங்கள். அன்று நடந்ததைப் பிள்ளைகள் சொல்லட்டும். தகப்பன் கடைசியில் பேசட்டும். தன் வீட்டில் கேட்கப்பட்ட பிள்ளை, நாளை பங்கில் பிறருக்குச் செவிகொடுக்கும்.

ஒரு கூட்டம் நல்ல கூட்டமா என்று அறிய, வந்தவர் தொகையை எண்ணுவது போதாது. அதிகம் பேசாத ஒருவர் அங்கே பேசினாரா, அங்கே இல்லாத ஒருவருக்கு அதனால் நன்மை வந்ததா என்று பாருங்கள். இரண்டு அல்லது மூன்று பேர் தம் பெயரால் கூடினாலே நடுவில் இருப்பதாக வாக்களித்தவர், நம் கூட்டங்களுக்கும் வருகிறார். அவர் பசியோடு திரும்பிப் போகாதிருக்கட்டும்.

கலந்துரையாட:

1. நமது வட்டாரத்தில் கூட்டங்களுக்கு வராமல் நின்றுவிட்டவர்கள் யார்? காரணத்தை அவர்களிடம் கேட்டோமா?

2. சென்ற கூட்டத்தின் தீர்மானங்களுள் நிறைவேறியவை எவை? நிறைவேறாதவற்றுக்குப் பொறுப்பானவர் யார்?

3. நமது கூட்டத்தில் இன்னும் ஒருமுறையேனும் பேசாதவர் யார்? அவர் பேச நாம் என்ன செய்யலாம்?