ஐம்பது ஹெர்ட்ஸை விடாமல் பிடிப்பது

அன்புள்ள மருமகனுக்கு,

ஐதராபாத் ஜீடிமெட்லாவில் ஜெனரேட்டர் பராமரிப்பு வேலையில் நீ சேர்ந்துவிட்டதாக உன் அம்மா சொன்னாள். மிகவும் மகிழ்ச்சி. ஜெனரேட்டரின் அருமை அறிந்த ஊர் அது. 2012-ல் ஆந்திரத் தொழிற்சாலைகளுக்கு மின் விடுமுறை விட்டபோது ஐதராபாத் பட்டறைகள் பல டீசலை நம்பித்தான் ஓடின. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்மாநில மின்தொகுப்பு நாட்டின் தொகுப்போடு ஒன்றானது. அதன் பிறகு எங்கே லோடு ஏறினாலும் நாடெங்கும் உள்ள டர்பைன்கள் சேர்ந்து தாங்குகின்றன. உன் ஜென்செட்டுக்கு அந்தத் துணை இல்லை. ஒரு கம்ப்ரசர் ஓடத் தொடங்கினால் பாரம் முழுவதும் ஒரே எஞ்சின் மேல்தான்.

நான்கு துருவ ஆல்டர்னேட்டர் 1500 ஆர்.பி.எம்.-ல் சுற்றினால் 50 ஹெர்ட்ஸ். வேகம் குறைந்தால் அதிர்வெண்ணும் அதே விகிதத்தில் குறையும். வேகத்தைப் பிடித்து வைப்பது கவர்னர். வோல்டேஜைப் பார்த்துக்கொள்ள ஏ.வி.ஆர். தனியாக இருக்கிறது; இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

பழைய மெக்கானிக்கல் கவர்னரில் சுழலும் எடைகளும் ஸ்பிரிங்கும் டீசலைக் கூட்டிக் குறைக்கும். லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ், முழு லோடில் 50 என்று நிற்கும். இந்தச் சரிவுக்கு ட்ரூப் என்று பெயர். விளக்குக்கும் மின்விசிறிக்கும் அது போதும். யு.பி.எஸ். சில சமயம் அந்த மின்சாரத்தை ஏற்காது.

எலக்ட்ரானிக் கவர்னரில் பிளைவீலின் ரிங் கியர் பற்களுக்கு எதிரே ஒரு காந்த பிக்கப் இருக்கும். 120 பல் என்றால் 1500 ஆர்.பி.எம்.-ல் நொடிக்கு 3000 துடிப்பு. கண்ட்ரோலர் அதை எண்ணி, வைத்த வேகத்தோடு ஒப்பிட்டு, ஆக்சுவேட்டர் மூலம், டீசலைக் கூட்டிக் குறைக்கும் பம்பின் ராக்கை நகர்த்தும். லோடு ஏறி அடங்கிய பின் வேகம் பழைய இடத்துக்கே திரும்பும். ஆனால் இரண்டு செட்டை இணையாக ஓட்டும்போது, இரண்டுமே 50-ஐ விடமாட்டேன் என்று நின்றால், ஒன்று மற்றதன் லோடையும் இழுத்துக்கொள்ளும். அங்கே ட்ரூப் வேண்டும், இல்லையென்றால் லோடு ஷேரிங் கருவி வேண்டும்.

எஞ்சின் ஏறி இறங்கி ஹண்டிங் ஆடினால் பலரும் முதலில் ஸ்குரூ டிரைவரை எடுத்து கண்ட்ரோலர் பெட்டியின் கெயினைத் திருகுகிறார்கள். அது தவறான பழக்கம். டீசல் லைனில் காற்று புகுந்திருக்கலாம், பில்டர் அடைத்திருக்கலாம், லிங்கேஜ் இறுகியோ தேய்ந்தோ போயிருக்கலாம், பேட்டரி தளர்ந்திருக்கலாம். இவற்றையெல்லாம் பார்த்த பிறகுதான் பெட்டிக்கு வா. எஞ்சின் ஸ்டார்ட் ஆகாவிட்டால், கிராங்க் செய்யும்போது பிக்கப்பில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்து பார். ஏறத்தாழ ஒரு வோல்ட் ஏ.சி.கூட வராவிட்டால் கண்ட்ரோலர் ஆக்சுவேட்டரை இயக்காது. பெரும்பாலும் இடைவெளி கூடியிருக்கும், அல்லது முனையில் இரும்புத் தூள் படிந்திருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு முனையைத் துடைத்து, இடைவெளியைக் கையேட்டின்படி வை.

கெயின் வைக்கும் முறை எளிது. எஞ்சின் சூடான பின், லோடு இல்லாமல், ஆட்டம் காணும் வரை மெல்லக் கூட்டு. பிறகு ஆட்டம் நிற்கும் வரை குறைத்து, இன்னும் கொஞ்சம் குறைத்து விடு. ஸ்டெபிலிட்டிக்கும் அப்படியே. அதன் பிறகு லோடை ஏற்றிப் பார்த்தால்தான் வேலை முடிந்தது என்று சொல்லலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கவர்னர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ராக் இறுகிக்கொண்டால் எஞ்சின் கட்டுமீறி ஓடும். அதனால் கவர்னரைச் சாராத ஓவர்ஸ்பீடு ஷட்டவுன் எப்போதும் வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும். அவசரம் என்று யார் சொன்னாலும் அதன் வயரைக் கழற்றாதே.

அன்புடன்,
மாமா