பஞ்சமும் பங்கீடும்: முத்துக் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

கொற்கை முத்தின் புகழைச் சங்கப் புலவரும் எழுதினர். கிரேக்க மாலுமியும் எழுதிவைத்தார். அம்முத்தைக் குளித்தெடுத்தவன் உண்ட அரிசி எங்கிருந்து வந்தது என்பதை எழுதியவர் மிகச் சிலரே. தூத்துக்குடி முதல் கீழக்கரை வரையிலான இக்கரை முத்தும் சங்கும் உப்பும் மீனும் தருவது. நெல் தருவது அன்று. தாமிரபரணியின் கடைமடை வயல்களை நீக்கினால் எஞ்சுவன தேரி மணலும் உப்பளமும் கரிசலுமே. எனவே இங்கு வாழ்வோர்க்கு உணவு என்பது எக்காலத்தும் வழியில் வருவது. வண்டியிலோ தோணியிலோ இரயிலிலோ வந்து சேர்வது. வழி அடைபட்டால் அடுப்பும் அணையும். இடர்க்காலத்தில் உணவு எல்லோரையும் சென்றடைய வேண்டுமாயின் என்ன வேண்டும் என்பதை இக்கரையின் வரலாறு கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

பாத்திரம் ஓரிடம், பசி ஓரிடம்

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் வரலாற்றை மாணவர்கள் பாடமாகப் படித்திருப்பர். பன்னிரண்டு ஆண்டு மழை பொய்த்த பாண்டிய நாட்டில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியால் பசி தீர்த்தவன் அவன். மழை பெய்து நாடு செழித்தபின் அவனிடம் உணவு கேட்பார் எவரும் இலர். சாவக நாட்டில் மக்கள் பசியால் மடிகின்றனர் எனக் கேட்டுக் கப்பலேறுகிறான். இடைவழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை அறியாது கப்பல் போய்விடுகிறது. உண்பாரில்லாத தீவில், குறையாத பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதனைப் பொய்கையில் விட்டு உண்ணா நோன்பிருந்து உயிர் விடுகிறான்.

இதனைத் துறவின் பெருமையாகவே உரைப்பது வழக்கம். என் நோக்கில் இது பங்கீட்டைப் பற்றிய கதையும் ஆகும். உணவு இருந்தது, பசியும் இருந்தது, ஈகை உள்ளமும் இருந்தது. இல்லாது போனது கப்பல் ஒன்றே. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் நிறுவியதும் இதற்கு நெருங்கிய உண்மையே. நாட்டில் உணவு இருந்தும், அதனைப் பெறும் வலு இல்லாதார் மடிகின்றனர் என்றார் அவர்.

வள்ளலும் வைஸ்ராயும்

பதினேழாம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த சீதக்காதி என்னும் செய்கு அப்துல் காதிர் மரைக்காயர், உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் துணைநின்றவர் என்பது யாவரும் அறிந்தது. படிக்காசுப் புலவர் பாடிய தனிப்பாடல் ஒன்று அவரது மற்றொரு முகத்தைக் காட்டும். பொன்னும் நெல்லும் எடைக்கு எடை விற்ற பஞ்சத்திலும் அவர் வாயிலில் அன்னதானம் தடைப்படவில்லை என்பது அப்பாடலின் கருத்து. கடல் வணிகர் ஒருவரால் இது இயன்றது வியப்பன்று. கப்பலுடையார்க்கு வேற்றுக் கரையின் நெல் எட்டும். அதனைப் பதுக்கி விலையேற்றவும் அவரால் முடியும். அவ்வாறு செய்யாமையே அவர் சிறப்பு. உணவுப் பதுக்கலைப் பாவமெனக் கண்டிக்கும் நபிமொழியை அவர் அறிந்திருப்பார் எனக் கொள்வதில் தவறில்லை.

ஆயினும் ஒன்று கேட்டாக வேண்டும். சீதக்காதி இல்லாத ஊரில் பஞ்சம் வந்தால் என் செய்வது?

அக்கேள்விக்குத் தாது வருடப் பஞ்சம் கொடிய விடை அளித்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் உள்ளிட்ட பகுதிகளில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்த காலம் அது. அவர் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என விதித்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். கல்லுடைப்பவனுக்கு இது போதாது எனச் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். 1877இல் மாகாண அரசு அளவைச் சற்று உயர்த்தியது. தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது 1876இல், பஞ்சம் தொடங்கிய அதே ஆண்டில். வழி வந்தது, வாங்கக் காசு வரவில்லை. அப்பஞ்ச ஆண்டுகளிலேயே இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதியாயிற்று. வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்னும் கொள்கை உயிரினும் பெரிதாகப் போற்றப்பட்டது போலும்! 1880இல் பஞ்ச ஆணையத்தின் அறிக்கையும், அதன்பின் பஞ்ச விதித்தொகுப்பும் வந்தன. வள்ளலின் அருளுக்கும் அதிகாரியின் கணக்குக்கும் அப்பால் எழுத்திலான கடமை ஒன்று வேண்டும் என்பதற்கு அது முதற்படி எனலாம்.

உரிமையான உணவு

உமறுப் புலவர் அடங்கிய எட்டயபுரத்தில்தான் 1956இல் காமராசர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரித்தார். 1997இல் நடுவண் அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளார், மேலுள்ளார் எனப் பிரித்துப் பங்கீடு செய்யும் முறையைக் கொணர்ந்தபோது, தமிழ்நாடு அனைவருக்கும் பொதுவான பங்கீட்டைக் கைவிடவில்லை. வசதியுடையார்க்கும் எதற்கு அரிசி என்று கேட்போர் உளர். ஏழை யார் எனக் கணக்கெடுக்கும்போது விடுபடுவோர் பெரும்பாலும் ஏழைகளே என்பது என் விடை. உப்பளத் தொழிலாளி கோடையில் கூலி பெறுவார். வடகிழக்குப் பருவமழையில் பாத்தி கரைந்தபின் மாதக்கணக்கில் வேலையிழப்பார். மீனவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். எந்த மாதத்தில் கணக்கெடுத்து இவர்களை ஏழை என்பது?

2022இல் இலங்கை நெருக்கடியில் தவித்தபோது தமிழக அரசு 40,000 டன் அரிசி அனுப்ப முடிவு செய்தது. முதற்கப்பல் சென்னையிலிருந்து சென்றது. அடுத்தது ஜூன் மாதம் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்திலிருந்து. ஆபுத்திரனுக்குக் கிடைக்காத கப்பல் இதுவன்றோ!

2023 டிசம்பர் காட்டியது

நீதி மட்டும் போதாது, உறுதியும் வேண்டும் என்பதை 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழை உணர்த்திற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் விரைவு இரயில் நின்றுபோக, ஏறத்தாழ 800 பயணிகள் சிக்கினர். அவர்களுக்கு முதலில் சோறு வந்தது அருகிலிருந்த புதுக்குடி ஊராரிடமிருந்து. ஹெலிகாப்டர் பொட்டலங்கள் பின்னரே வந்தன. செய்துங்கநல்லூர்ப் பள்ளிவாசல் இந்துக் குடும்பங்களுக்குப் புகலிடமாயிற்று. மீனவர் தம் படகுகளை வயற்காட்டு வெள்ளத்தில் செலுத்தினர். வழி அடைபட்ட முதல் இரு நாள்களில் உண்ணக் கிடைப்பது அந்தந்த ஊரில் அன்று இருக்கும் அரிசியே.

ஆகவே இருப்பு எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு இருக்கிறது என்பதைப் போன்றே முதன்மையானது. எகிப்தின் களஞ்சியப் பொறுப்பை ஏற்ற யூசுப் நபி, செழித்த ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொன்னதாகத் திருக்குர்ஆன் கூறும். உதிர்த்த மணியினும் கதிரிலுள்ள மணி கெடாது. அளவோடு சேமிக்கும் முறையையும் எண்ணியது அவ்வறிவு. தாமிரபரணிக் கரையூர்களில் நியாயவிலைக் கடை தாழ்ந்த தெருவில் இருக்குமாயின் ஆற்று நீர் முதலில் நனைப்பது ஏழையின் அரிசியை. பருவமழைக்கு முன்பே மேட்டுநிலக் கட்டடங்களுக்கு அதனை மாற்றலாம். ஊர்தோறும் சத்துணவுக் கூடத்தில் அடுப்பும் பாத்திரமும் சமைக்கத் தெரிந்தவரும் உளர். பள்ளிவாசல், கோயில், தேவாலயம் ஆகியவற்றிலோ நூற்றுவர்க்குச் சமைக்கும் அண்டாக்கள் உள்ளன. எவரிடம் எத்தனை அண்டா, எந்தக் கட்டடத்தில் நீர் ஏறாது, எந்தத் தெருவில் நடக்கவியலா முதியோர் உளர் என்னும் பட்டியல் வட்டாட்சியர் அலுவலகத்தில் மட்டுமன்றி ஊரிலும் இருத்தல் வேண்டும்.

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இப்பட்டியலை எடுக்கலாம். துறைமுகத்தைச் சுற்றி வாடகை அறைகளில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளரை அதில் விட்டுவிடலாகாது. 2020 அக்டோபர் முதல் தமிழகத்திலும் நடைமுறைக்கு வந்த ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டத்தின்படி அவர்களும் இங்குள்ள கடையில் தம் பங்கைப் பெறலாம். அதனை அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்ல இந்தி தெரிந்த மாணவர் இருவர் போதும். ஆவணி பிறக்குமுன் தொடங்கினால் ஐப்பசி மழைக்குள் வேலை முடிந்துவிடும்.