வாடகை வீட்டுக் கூரை வெடித்திருக்கிறதா?

ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ வாடகைக்கு வீடு எடுக்கிறீர்களா? முற்பணம் கொடுக்க முன் அண்ணாந்து கூரையைப் பாருங்கள். உப்புக் காற்றில் உள்ளே கம்பி கறள் பிடித்துப் பருத்தால் கொங்கிறீற் வெடித்துக் கட்டியாக விழும். அதன்கீழ் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள். கிணற்றுத் தண்ணீர் உவர்க்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுத வேண்டும் என்கிறது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். கூரையைத் திருத்துவது யார் பொறுப்பு என்பதையும் அந்தக் குத்தகையிலேயே எழுதுவியுங்கள். வாடகைக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பழுதைப் படம் பிடித்து, வீட்டுக்காரருக்குத் திகதியிட்ட கடிதமாகவே கொடுங்கள். வாடகையை நீங்களாக நிறுத்தாதீர்கள், உங்களை எழுப்ப அதுவே சாட்டாகிவிடும். சரிவராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். மலசலகூடம் பழுதென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள்.