தாமே வகுத்த நெறி

பெங்களூருவின் வகுப்பறைகளில் பல தாய்மொழிகளைப் பேசும் குழந்தைகள் ஒன்றாகக் கற்கின்றனர். வீட்டில் தமிழ் பேசும் பலருக்கும் அதனைப் படிப்பது எளிதன்று. ‘ழ’கரத்தில் ஒரு மாணவி தடுமாறும்போது பிறர் நகைத்தால், மறுநாள் அவள் வாய் திறக்கவே அஞ்சுவாள். எனவே வகுப்பிற்கு நெறிகள் வேண்டும்.

அவற்றை அச்சுறுத்தி நிலைநாட்டலாகாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், குழந்தைகளின் உடலையோ உள்ளத்தையோ வருத்தும் தண்டனையைத் தடை செய்கிறது. அதற்கு முன்பே, கோலார் மாவட்டத்தில் டேவிட் ஹார்ஸ்பரோ 1972இல் நீல்பாக் பள்ளியைத் தொடங்கினார். அங்குத் தண்டனையும் இல்லை; பரிசும் இல்லை. வெவ்வேறு வயதினர் ஒன்றாகக் கற்றனர்.

ஆண்டின் தொடக்கத்தில் ஆசிரியரும் மாணவரும் கூடி நெறிகளை வகுத்தல் நன்று. அவை சிலவாகவும் தெளிவாகவும் அமைதல் வேண்டும். ஒருவர் பேசும்போது பிறர் செவிமடுத்தல், பிழையை நகையாமல் திருத்த உதவுதல், கரும்பலகை துடைத்தல், மின்விசிறியை நிறுத்துதல் ஆகிய பணிகளை முறைவைத்துச் செய்தல் ஆகியன அவற்றுட் சில. நெறி தவறியவர் அதனால் நேர்ந்த குறையைத் தாமே சரிசெய்தல் வேண்டும். பிறர் விதித்த நெறி கண்காணிப்பவர் அகன்றதும் தளரும். தாமே வகுத்த நெறி தனிமையிலும் நிலைக்கும். திருக்குறளின் 14ஆம் அதிகாரமான ஒழுக்கமுடைமையும் இப்பொறுப்பையே கற்பிக்கிறது.

சொற்பொருள்
நெறி – ஒழுங்குமுறை
செவிமடுத்தல் – கவனித்துக் கேட்டல்
நகைத்தல் – சிரித்தல்

பயிற்சி
1. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு எதனைத் தடை செய்கிறது?
2. தாமே வகுத்த நெறி ஏன் நிலைக்கும்?
3. உம் வகுப்பிற்குரிய மூன்று நெறிகளை நண்பருடன் கலந்து பேசி எழுதுக.