சாலைக்கும் உண்டு விலை



பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்குகிறோம். ரயிலுக்கும் வாங்குகிறோம். தண்ணீர் லாரிக்குக்கூடக் காசு கொடுக்கிறோம். ஆனால் காலை ஒன்பது மணிக்கு, ஊரே பரபரக்கிற நேரத்தில், நகரத்தின் நடுச்சாலையில் ஒரு ஆள் ஒரு காரை ஓட்டிக்கொண்டு போக எவ்வளவு விலை? பெட்ரோல் செலவு மட்டும்தான். சாலைக்கு விலை பூஜ்யம். விலை பூஜ்யமான எந்தப் பொருளுக்கும் என்ன ஆகும்? கூட்டம் அலைமோதும். அதைத்தான் நாம் தினமும் டிராஃபிக் ஜாம் என்கிறோம்.

சாலையின் அகலம், வளைவு, தார் கலவை, சிக்னல் என்று போக்குவரத்துப் பொறியியலில் நிறையப் படிக்கிறோம். அதே சாலையைப் பொருளாதாரக் கண்ணால் பார்த்தால் என்ன தெரிகிறது? நான் படித்துத் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற எல்லாருக்கும் இது சொந்த விஷயம்.

டோல்கேட் வேறு, இது வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நெடுஞ்சாலையில் டோல்கேட் கட்டணம் வாங்குகிறார்களே, அது சாலை போட்ட செலவையும் பராமரிப்புச் செலவையும் மீட்பதற்காக. நடுராத்திரி காலியாகக் கிடந்தாலும், பண்டிகைக் கூட்டத்தில் திணறினாலும் ஒரே கட்டணம்தான்.

நெரிசல் கட்டணம் அப்படி அல்ல. கூட்டம் உள்ள நேரத்தில், கூட்டம் உள்ள இடத்துக்கு மட்டும் வாங்குவது. நோக்கம் கூட்டத்தைக் குறைப்பது. யாரும் இல்லாத நேரத்தில் அது பூஜ்யமாகவே இருக்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு

அமெரிக்காவின் பொதுச்சாலைத் துறை 1964-ல் வெளியிட்ட ஒரு சூத்திரம் இன்றும் உலகம் முழுவதும் பயன்படுகிறது.

பயண நேரம் = காலிச் சாலை நேரம் × [1 + 0.15 × (வி/சி)⁴]

இதில் 'வி' என்பது வண்டிகளின் எண்ணிக்கை. 'சி' என்பது சாலையின் கொள்ளளவு. இரண்டையும் வகுத்தால் வருவது நெரிசலின் அளவு.

இப்போது கணக்குப் பாடத்தில் படித்த டிஃபரன்சியேஷனைக் கொஞ்சம் தூசி தட்டுங்கள். எல்லா வண்டிகளின் மொத்த நேரத்தை 'வி'யைக் கொண்டு டிஃபரன்சியேட் செய்தால் இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒன்று, புதிதாக வந்த வண்டி தானே செலவழிக்கும் நேரம். மற்றொன்று, அது வந்ததால் மற்ற எல்லாருக்கும் சேர்ந்து கூடுகிற தாமதம். இந்த இரண்டாவது துண்டு 0.60 × காலிச் சாலை நேரம் × (வி/சி)⁴ என்று வரும்.

காலியாக இருந்தால் 10 நிமிடத்தில் கடக்கும் ஒரு சாலையை எடுத்துக்கொள்வோம்.

வி/சி 0.5 என்றால்: தன் நேரம் 10.1 நிமிடம், பிறருக்குத் தரும் தாமதம் 0.4 நிமிடம்.
வி/சி 1.0 என்றால்: தன் நேரம் 11.5 நிமிடம், பிறருக்கு 6 நிமிடம்.
வி/சி 1.2 என்றால்: தன் நேரம் 13.1 நிமிடம், பிறருக்கு 12.4 நிமிடம்.
வி/சி 1.5 என்றால்: தன் நேரம் 17.6 நிமிடம், பிறருக்கு 30.4 நிமிடம்.

கடைசி வரியை மறுபடி பாருங்கள். வண்டி ஓட்டுபவருக்குத் தன் பதினேழரை நிமிடம்தான் தெரியும். பின்னால் நிற்பவர்கள் தலையில் அவர் ஏற்றிய முப்பது நிமிடம் அவர் கண்ணுக்குத் தெரியாது. யாரும் அதற்கு அவரிடம் பில் கொடுப்பதும் இல்லை. அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. பின்னால் நிற்கும் ஒவ்வொருவரும் முன்னால் உள்ளவரைத் திட்டிக்கொண்டே தன் பின்னால் உள்ளவருக்கு அதையேதான் செய்துகொண்டிருக்கிறார்.

அந்தத் தெரியாத முப்பது நிமிடத்தைக் காசாக மாற்றிக் கண்ணுக்குத் தெரியவைப்பதுதான் நெரிசல் கட்டணம். தத்துவம் இவ்வளவுதான்.

இதை முதலில் சொன்னவர்கள்

இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் ஆர்தர் பிகூ, 1920-ல் வெளிவந்த தம் நூலில் இரண்டு சாலைகளை உதாரணம் காட்டினார்.   ஒரு சாலைக்கு வரி போட்டால் சிலர் மற்றதற்கு மாறுவார்கள், மொத்தத்தில் எல்லாருக்கும் லாபம் என்றார்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் விக்ரி அடுத்த படிக்குப் போனார். வாஷிங்டன் நகருக்கு மின்னணுக் கருவி வைத்து வண்டிக்கு வண்டி கட்டணம் கணக்கிடலாம் என்று 1959-லேயே யோசனை சொன்னார். "நடக்கிற காரியமா இது?" என்றுதான் அப்போது பலரும் நினைத்தார்கள். ஊக்குவிப்புகள் பற்றிய வேறு ஆய்வுக்காக அவருக்கு 1996-ல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் அவர் காலமானார்.

ரோட்டை அகலப்படுத்தினால் போதாதா?

சிவில் மாணவனுக்கு முதலில் தோன்றுவது இதுதான். கட்டிடத்தை இடி, ரோட்டை அகலமாக்கு, ஃப்ளைஓவர் கட்டு. நமக்கும் வேலை கிடைக்கும்!

ஆனால் அந்தோணி டவுன்ஸ் என்ற அமெரிக்கர் 1962-லேயே எச்சரித்துவிட்டார். புதுச் சாலை போட்டால், இதுவரை கூட்டத்துக்குப் பயந்து வேறு நேரத்தில், வேறு வழியில், பஸ்ஸில் போனவர்கள் எல்லாரும் அங்கே வந்து சேர்ந்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் பழைய கதைதான். டுராண்டன், டர்னர் என்ற இருவர் அமெரிக்க நகரங்களின் கணக்கை எடுத்து 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதி செய்தது. பெரிய நெடுஞ்சாலைகளின் நீளம் எத்தனை சதவீதம் கூடியதோ, ஏறக்குறைய அத்தனை சதவீதம் வண்டி ஓட்டமும் கூடியிருந்தது. அதே ஆய்வு இன்னொரு கசப்பான உண்மையையும் சொன்னது. பஸ்ஸை மட்டும் கூட்டினாலும் சாலை காலியாகாது. ஒருவர் காரை விட்டு இறங்கினால் அந்த இடத்தை நிரப்ப வேறொரு கார் தயாராக இருக்கிறது.

சிங்கப்பூர் நடத்திய பாடம்

இதை உலகில் முதன்முதலில் பெரிய அளவில் செய்து காட்டிய நகரம் சிங்கப்பூர். நாள், 1975 ஜூன் 2. அப்போது அங்கே மெட்ரோ ரயில் கிடையாது. அது வந்தது 1987-ல். கம்ப்யூட்டர் கேமராவும் கிடையாது. நகர மையத்தைச் சுற்றி எல்லை வகுத்து, நுழைவாயில்களில் வளைவுகள் வைத்து, ஆட்களை நிறுத்தினார்கள். காலை 7.30 முதல் 9.30 வரை உள்ளே போகும் காரின் கண்ணாடியில் காகித லைசென்ஸ் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு நாளுக்கு 3 சிங்கப்பூர் டாலர். பஸ்ஸுக்குக் கட்டணம் இல்லை. நான்கு பேரோ அதற்கு மேலோ ஏறி வரும் காருக்கும் இல்லை.

கால்வாசிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தால் போதும் என்று எதிர்பார்த்தார்கள். அந்த நேரத்தில் நுழையும் வண்டிகள் கிட்டத்தட்ட 44 சதவீதம் குறைந்தன! "தேவைக்கு மேல் விலை வைத்துவிட்டார்களோ, சாலை வீணாகக் காலியாகக் கிடக்கிறதோ" என்று பொருளாதார நிபுணர்கள் எதிர்க்கேள்வி கேட்கும் அளவுக்குப் போனது.

மனிதர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதுதான் சுவாரசியம். 9.30 அடித்ததும் வெளியே காத்திருந்த கார்கள் திபுதிபுவென்று நுழைந்தன. எனவே சில வாரங்களிலேயே நேரத்தை 10.15 வரை நீட்டினார்கள். நான்கு பேர் கணக்குக்காகச் சிலர் பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டார்கள். எல்லைக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு பஸ்ஸில் போகட்டும் என்று கட்டிய வாகன நிறுத்துமிடங்கள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. காலையில் குறைந்த கூட்டம் மாலையிலும் தானாகக் குறையும் என்று போட்ட கணக்கும் பலிக்கவில்லை. 1989-ல் மாலைக்கும் கட்டணம் வந்தது. காகிதத்தில் போட்ட திட்டத்தைத் தெருவில் பார்த்துத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். பொறியாளர்களாகப் போகும் நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

1998-ல் மின்னணு முறை வந்தது. வளைவுக்குக் கீழே கார் போகும்போதே அதிலுள்ள கருவி மூலம் பணம் கழிந்துவிடும். கட்டணத்தை எதை வைத்து முடிவு செய்தார்கள் தெரியுமா? வேகத்தை வைத்து. விரைவுச்சாலையில் மணிக்கு 45 முதல் 65 கி.மீ., மற்ற முக்கியச் சாலைகளில் 20 முதல் 30 கி.மீ. என்று இலக்கு. வேகம் அதற்குக் கீழே போனால் கட்டணம் ஏறும், மேலே போனால் இறங்கும். சிங்கப்பூரில் கார் வாங்கும் எண்ணிக்கைக்கே 1990 முதல் கட்டுப்பாடு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். எல்லாப் புகழும் கட்டணத்துக்கே என்று சொல்ல முடியாது.

லண்டனும் ஸ்டாக்ஹோமும்

லண்டன் 2003 பிப்ரவரி 17-ல் நாளுக்கு 5 பவுண்டு என்று தொடங்கியது. முன்னதாகவே பஸ்களைக் கூட்டினார்கள். வசூலில் மிஞ்சும் பணத்தைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டம். முதல் ஆண்டில் உள்ளே வரும் வண்டிகள் 18 சதவீதமும் தாமதம் 30 சதவீதமும் குறைந்தன. பிறகு சாலை தோண்டும் வேலைகளாலும், பஸ்ஸுக்கும் நடப்பவர்களுக்கும் இடம் ஒதுக்கியதாலும் தாமதம் திரும்ப ஏறியது. கட்டணம் ஒருமுறை போட்டு மறந்துவிடும் மருந்தல்ல.

ஸ்டாக்ஹோம் கதை ஒரு சோதனைச்சாலைப் பரிசோதனை மாதிரி. 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை சோதனைக்காக மட்டும் வாங்கினார்கள். எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தன. நிறுத்தியதும் பெருமளவு திரும்பி வந்தன. 2007 ஆகஸ்டில் நிரந்தரமாக்கியதும் மீண்டும் குறைந்தன. சுவிட்சைப் போட்டு அணைத்துப் பார்த்ததுபோல! தொடங்கும் முன் பெரும்பான்மை மக்கள் எதிர்த்தார்கள். பலனைக் கண்ணால் பார்த்த பின், 2006 செப்டம்பர் வாக்கெடுப்பில் நகர மக்கள் ஆதரித்தார்கள். பார்க்கும் முன்பே வாக்கெடுப்பு நடத்திய எடின்பரோவில் 2005-லும், மான்செஸ்டரில் 2008-லும் மக்கள் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். விக்ரி பணியாற்றிய நியூயார்க்கில் 2025 ஜனவரி 5-ல்தான் கட்டணம் வந்தது.

ஜாமுக்கும் நம் வேலைக்கும் என்ன சம்பந்தம்?

ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே ஒரு கேள்வி எழுப்பினார். ஒரே தொழிலில் இருப்பவர்கள் ஏன் ஒரே ஊரில் கூடுகிறார்கள்? கோவை பம்ப்செட் தொழிலை நினைத்துப் பாருங்கள். வார்ப்படம் ஒரு பட்டறையில், லேத் வேலை இன்னொன்றில், காயில் சுற்றுவது மற்றொன்றில். பக்கத்தில் இருப்பதால் சரக்கு சீக்கிரம் கிடைக்கும், தெரிந்த ஆள் கிடைப்பான், புது யோசனை டீக்கடையிலேயே பரவும். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், நகரத்தின் அளவு இரட்டிப்பானால் உற்பத்தித்திறன் சுமார் 3 முதல் 8 சதவீதம் கூடுகிறது.

ஆனால் பக்கம் என்பதை மணியால்தான் அளக்க வேண்டும். 45 நிமிடத்தில் வேலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பஸ் 20 கி.மீ. வேகத்தில் போனால் 15 கி.மீ. தூரம் எட்டலாம், வட்டத்தின் பரப்பு சுமார் 707 சதுர கி.மீ. ஜாமில் வேகம் 10 கி.மீ. ஆனால் தூரம் ஏழரை. பரப்பு சுமார் 177. வேகம் பாதியானால் நாம் வேலை தேடக்கூடிய வட்டம் கால்வாசியாகிவிடுகிறது! டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கப் போகிற நமக்கு இது வெறும் ஜியோமெட்ரி அல்ல.

ஏழைக்கு என்ன நியாயம்?

"அப்போ பணக்காரன் காசைக் கட்டிட்டு ஜாலியாப் போவான், மொபெட்ல மீன் கூடை வெச்சுக்கிட்டு வர்றவன் என்னடா செய்வான்?" என்று என் அறை நண்பன் கேட்டான். இந்தக் கேள்வியைத் தாண்டாமல் யாரும் மேலே போகக் கூடாது.

என் பதில் இரண்டு பகுதி. முதலாவது, இப்போதைய நிலைமை ஏழைக்கு நியாயமாகவா இருக்கிறது? சாலைக் கணக்கில் காருக்கு ஒரு அலகு, பஸ்ஸுக்கு மூன்று என்று வைப்பது வழக்கம். 60 பேர் போகும் பஸ்ஸில் ஒரு அலகுக்கு 20 பேர். தனி ஆள் காரில் ஒருவர். இருவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இருபது பேர் இடத்தை ஒருவர் எடுத்துக்கொள்வதற்கு அறுபது பேர் தங்கள் நேரத்தால் பணம் கட்டுகிறார்கள்.

இரண்டாவது, வசூலான பணம் எங்கே போகிறது என்பதில்தான் நியாயமும் அநியாயமும் இருக்கிறது. அது பஸ்ஸாகவும் நடைபாதையாகவும் திரும்பி வந்தால் நியாயம். வராவிட்டால் இன்னொரு வரி. இருசக்கர வண்டிகளை சிங்கப்பூர்கூட 1989 வரை தொடவில்லை. மாற்று வழி இல்லாதவனிடம் கட்டணம் வாங்கினால் அவன் வேறு வழியில் போகமாட்டான். வீட்டுச் செலவில் அதைக் குறைப்பான். ஆகவே முதலில் பஸ் வரட்டும், பிறகு கட்டணம் வரட்டும் என்பது என் கருத்து.

முடிவாக

சாலைக்கு விலை இல்லை என்று நாம் நினைக்கிறோம். விலை உண்டு, அதைக் காசாகக் கொடுக்காமல் நேரமாகக் கொடுக்கிறோம். காசாகக் கொடுத்தால் அது ஒரு கஜானாவுக்குப் போய் ஒரு பஸ்ஸாகத் திரும்பி வர வாய்ப்பு உண்டு. நேரமாகக் கொடுத்தது புகையாகப் போய்விடுகிறது, யாருக்கும் கிடைப்பதில்லை.

நாளை நம்மில் யாராவது ஒரு நகராட்சியிலோ நெடுஞ்சாலைத் துறையிலோ உட்கார்ந்து வாகனக் கணக்கெடுப்பு எடுக்கப் போகிறோம். அப்போது நோட்டில் வண்டிகளை மட்டும் எண்ணாமல், அவற்றில் இருக்கும் ஆட்களையும் எண்ணுவோம். எந்தச் சாலைக்கு என்ன விலை என்று பேசுவதற்கு முன் அந்த ஒரு கூடுதல் காலம் நம் படிவத்தில் இருக்கட்டும்.